அவர் சரிசெய்த நீலம்

அந்த நாட்களில் எங்கள் ஒப்பரேசன் தியேட்டரில் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் பார்ப்பதற்கு ஒரே ஒரு கண்ணுக்குத்தான் இடமிருந்தது. அது டொக்டரின் வலது கண். மற்றவர்களுக்கு அவருடைய குனிந்த முதுகும் வியர்வை ஊறிய தொப்பியும்தான் தெரியும். தொப்புளுக்குக் கீழே சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, அதன் வழியாகக் காபனீரொட்சைட்டு வாயுவை விட்டு வயிற்றை உப்பவைத்து, பிறகு பேனைத் தடிப்பில் ஒரு நீளக் குழாயை உள்ளே இறக்குவார். அந்தக் குழாயை நாங்கள் ஸ்கோப் என்போம். அதன் வெளிமுனையில் அவர் கண்ணை வைத்ததும் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"கருப்பை தெரியுது, நல்ல வடிவான கருப்பை. இடது பக்கம் போறன். சூலகம் சுத்தம். குடல் குறுக்கால வருது, கொஞ்சம் தள்ளிவிடுவம்" என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே போவார். றேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்கிற மாதிரி நாங்கள் நின்று கேட்போம். அவர் நல்லது என்றால் நல்லது, அவுட் என்றால் அவுட். மூன்றாவது ஆள் பார்த்துச் சொல்ல வழியில்லை.

நான் அங்கே தியேட்டர் தாதியாக இருந்தேன். வாவிக் கரையில் ஒரு தரும நிறுவனம் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. இப்போது கட்டடமே இல்லை. யாரோ அந்த இடத்தில் தென்னம்பிள்ளை நட்டிருக்கிறார்கள், அதுவும் சரியாக வளரவில்லை. யுத்த காலத்தில் படித்த டொக்டர்மார் ஒவ்வொருவராக வெளிநாடு போய்க்கொண்டிருந்தபோது போகாமல் நின்ற ஒருவர் எங்களுக்கு வாய்த்தது பெரிய காரியம். அதனால் அவருடைய கண்ணில் எங்களுக்கு அளவுகடந்த நம்பிக்கை இருந்தது. கொஞ்சம் திமிரும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப் வைக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளை இல்லாத பெண்கள். வாவிக்கு அந்தப் பக்கம் பழுகாமம் போன்ற ஊர்களிலிருந்து தோணியில் கடந்து, காவலரணில் இறங்கி, பையைக் கொட்டிக் காட்டி, வெறும் வயிற்றோடு வந்து சேருவார்கள். டொக்டர் மேலே ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்க, கீழே ஒரு தாதி கருப்பைக்குள் நீலச் சாயத்தை ஊசிக்குழாயால் மெல்லச் செலுத்துவாள். கருக்குழாய்கள் திறந்திருந்தால் அந்த நீலம் இரண்டு பக்கமும் நுனியால் வழிந்து வயிற்றுக்குள் விழும். அடைத்திருந்தால் விழாது. பரிசோதனை அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொட்டு நீலத்தில் ஒரு குடும்பமே தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்தச் சாயத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது கொழும்பிலிருந்து வரவேண்டிய சாமான். மருந்து லொறி வந்தால் வரும், வராவிட்டால் வராது. யுத்த காலத்தில் எங்களுக்குப் பழகிப்போன ஒரு வேலை, எதையும் நீட்டுவது. மண்ணெண்ணெய் விளக்கின் திரியைக் குறைத்து எண்ணெயை நீட்டினோம். ஒரே தேயிலையில் மூன்று தரம் சாயம் வடித்தோம். சவர்க்காரத் துண்டுகளை ஒட்டிப் புதுச் சவர்க்காரம் செய்தோம். தியேட்டரில் ஸ்பிரிட்டை நீட்டினோம், கையுறையைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போட்டோம். அதேமாதிரி நீலச் சாயத்திலும் தண்ணீர் கூடிக்கொண்டே போனது. யார் கலந்தது என்று கேட்டால் எல்லோரும்தான். குப்பியின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் அதற்கு மேலே உப்புத் தண்ணீரை ஊற்றி வைப்பது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம். சாமானை வீணாக்காதவள் நல்ல தாதி. எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

எனக்கும் கலியாணமாகிச் சில வருடமாகப் பிள்ளை இல்லை. ஆகவே ஒருநாள் நானும் அதே கட்டிலில் ஏறிப் படுத்தேன். எத்தனையோ பெண்களுக்குக் "கண்ணை மூடுங்க, ஒண்டும் செய்யாது" என்று சொன்னவளுக்கு அன்றைக்கு இன்னொருத்தி சொன்னாள்.

என் கணவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவர் கல்குடாக்காரர். பட்டணத்துப் புளியந்தீவில் றேடியோ, ரீவி திருத்தும் கடை வைத்திருந்தார். வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாத ஊரில் ரீவி திருத்துகிறவருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கார் பற்றரியில் ரீவியை ஓடவைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. வெள்ளிக்கிழமைகளில் கடை வாசலில் பற்றரியோடு சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டார். வீட்டு மணிக்கூடு பிந்தினால்கூட முதலில் பின்மூடியைத்தான் கழற்றுவார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். பாதி மணிக்கூட்டோடு பல நாள் சமாளித்திருக்கிறேன்.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது டொக்டர் கட்டிலருகே நின்றார். வர்ணனை இல்லாத முகம். இரண்டு குழாயும் அடைப்பு, நீலம் ஒரு சொட்டும் வரவில்லை என்றார். என் கணவர் வாசலில் நின்றவர், உள்ளே வந்து முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டொக்டர், அத எனக்கு ஒருக்கா பாக்க ஏலாதா?"

டொக்டர் கோபிக்கவில்லை. அந்தக் குழாய்க்குள் ஒரு கண்தான் வைக்கலாம், அதுவும் வயிற்றைத் தைத்தாயிற்று என்று பொறுமையாகச் சொன்னார். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாம் சுற்றி நிற்கிறார்கள், இந்த மனுசன் என் வயிற்றைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்கிறாரே என்று.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமை கழிந்த பிறகு அவர் மெல்லக் கதையை எடுத்தார். கண்டிக்குப் போனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமாம், யாரோ சொன்னார்களாம். பாதை திறந்திருக்கிற நேரம் பார்த்துப் போய்வருவோம் என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கட டொக்டரின் கண்ணில் உங்களுக்கு என்ன சந்தேகம் என்று கேட்டேன். அவர் மறுபடியும் ஒரு தரம் கேட்டார். நானும் மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை. பிறகு பாதையும் மூடிவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் நெஞ்சில் கிடந்து அறுப்பது அந்தக் கண்டிப் பயணம்தான். ஒரு பஸ், இரண்டு நாள் லீவு, ஒரு எக்ஸ்ரே. போயிருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். கல்லடியில் நாங்கள் இருந்த வீடும் என் அம்மா எனக்குத் தந்தது. ஆகவே மனம் கசந்துபோனால் வெளியே போகவேண்டியவரும் ஆண்தான். பிள்ளை இல்லாத வீட்டில் மருமகனாக இருப்பது எங்கள் ஊரில் இலேசான காரியமில்லை. வருகிறவர்கள் எல்லாம் தண்ணீர் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்பார்கள்.

அவர் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஆமி சுற்றிவளைத்தால் கடைக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள பாலத்தைக் கடப்பது கரைச்சல் என்று சில இரவு கடையிலேயே தங்கினார். அது உண்மையான காரணம்தான். பிறகு தாய்க்குச் சுகமில்லை என்று கல்குடாவுக்குப் போனார். அதுவும் உண்மைதான். பாதை மூடியதால் அங்கேயே நின்றார். பாதை திறந்ததும் கடைக்கு வந்துபோனார், வீட்டில் தங்க வரவில்லை. இடையிடையே வந்து ஒரு சேட்டு, ஒரு சாரம், ஈயம் ஒட்டுகிற கருவி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போனார். வரும்போது சாப்பிடுவார், நான் மீன் பொரித்துக் கொடுப்பேன், இருவரும் ஊர்க்கதை பேசுவோம். ஒரேயடியாகப் போயிருந்தால் அழுது கூத்தாடி மறித்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறவரை எந்த இடத்தில் மறிப்பது? இனிப் போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளை தரமுடியாதவள் எந்த முகத்தோடு மறிப்பது என்று வாயை மூடிக்கொண்டேன்.

கல்குடாவில் அவர் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்ற செய்தி பிறகு வந்தது. ஒரு பெண் பிள்ளை பிறந்ததாம். சொன்னவள் எங்கள் ஆஸ்பத்திரி மருத்துவிச்சி. அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளை தாயைப்போலவா அவரைப்போலவா என்று மட்டும் கேட்டேன். அவள் பாவம், அழுதுவிட்டாள். நான் அழவில்லை.

அதற்குப் பிந்திய வருடத்தில்தான் எங்கள் தியேட்டருக்குக் கமரா வந்தது. வெளிநாட்டு டொக்டர்மார் சிலர் சேர்ந்து அனுப்பிய பெட்டிகள். ஒன்றில் கமரா, ஒன்றில் அதை இயக்குகிற சாதனம், ஒன்றில் புது வெளிச்சப்பெட்டி. கமராவை ஸ்கோப்பின் வெளிமுனையில், டொக்டர் கண் வைக்கிற இடத்தில், கொளுவிவிட்டால் உள்ளே தெரிவதெல்லாம் ரீவியில் விழும். இனி எல்லோரும் பார்க்கலாம், என் வர்ணனைக்கு மதிப்பில்லாமல் போகப்போகிறது என்று டொக்டர் பகிடி விட்டார். தன் வீட்டு ரீவியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

ஆஸ்பத்திரி ஜெனரேற்றரைப் போட்டதும் படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். அதுவும் நிற்காமல் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டிருந்தது. டொக்டர் பொத்தான்களை எல்லாம் அமுக்கினார், தட்டினார், கடைசியில் திட்டினார். கொழும்புக்குச் சொன்னால் அந்த நிலைமையில் யார் வருவார்கள்? ஊரில் ரீவி தெரிந்த ஆள் யார் என்று டொக்டர் கேட்டார். தியேட்டரில் நின்ற எல்லோருக்கும் பதில் தெரியும். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். புளியந்தீவில் ஒருவர் இருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கள் என்று நானே சொன்னேன்.

அவர் வந்தார். காதோரம் நரைத்திருந்தது. தியேட்டருக்குள் வருவதற்குப் பச்சை அங்கியும் தொப்பியும் கொடுத்தேன். அங்கியை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். திருப்பிப் போடச் சொல்லி, பின்கழுத்தில் நாடாவை நானே முடிந்துவிட்டேன். "இறுக்காத புள்ள" என்றார். பழைய குரல்தான். இறுக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

கோளாறு என்னவென்று பார்க்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கமரா வேறொரு நாட்டு முறையில் படம் அனுப்புகிறது, எங்கள் ரீவி வேறு முறையில் எடுக்கிறது, ஒன்றின் பாஷை மற்றதற்கு விளங்கவில்லை என்றார். காத்தான்குடியில் ஒருவர் சவூதியில் வேலை செய்துவிட்டு வரும்போது ஒரு ரீவி கொண்டுவந்திருந்தார். அது எந்த நாட்டுப் படத்தையும் எடுக்குமாம். அதைப் பேசி வாங்கி ஓட்டோவில் ஏற்றி அடுத்த நாள் கொண்டுவந்தார். கொளுவியதும் படம் ஓடாமல் நின்றது. நிறமும் வந்தது. ஆனால் எல்லாம் ஒரே சிவப்பு. மேசையில் இருந்த வெள்ளைத் துணிகூடத் தோடம்பழ நிறத்தில் தெரிந்தது.

அவர் பெட்டியின் பின்பக்கத்தைத் தடவி ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தார். எது வெள்ளை என்று முதலில் கமராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பிறகுதான் மற்ற நிறங்கள் அதற்குப் பிடிபடும் என்றார். ஒரு வெள்ளைக் கட்டுத்துணியைக் கமராவுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பொத்தானை அமுக்கினார். ரீவியில் துணி வெள்ளையானது, அதைப் பிடித்திருந்த என் விரல்களும் விரல்களின் நிறத்துக்கு வந்தன. இனிச் சிவப்பும் நீலமும் பார்க்கவேண்டும் என்றார். சிவப்புக்கு ஒரு சின்னச் செம்பருத்தி. நீலத்துக்கு, எங்கள் சாயக் குப்பியில் ஒரு துணியை நனைத்துப் பிடித்தேன்.

அவர் ரீவியைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த துணியைப் பார்த்தார்.

"இதா புள்ள உனக்கும் உள்ளுக்கு விட்டது?"

"ஓம்."

"இவ்வளவு வெளிறலாவா?"

அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தோன்றவில்லை. அவர் ரீவியின் நிறத்தை முழுதாகக் குறைத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கினார். நனைத்த துணியும் நனைக்காத துணியும் ஒன்றுபோலத் தெரிந்தன. திரும்ப நிறத்தை ஏற்றினார். வித்தியாசம் தெரிந்தது. பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மறக்கமுடியவில்லை. கமராவைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய வெளிச்சப்பெட்டியைக் கேட்டார். அந்த மஞ்சள் பல்ப்பைப் போட்டு, ஒளி போகிற வயரை ஸ்கோப்பில் பூட்டிக் கொடுத்தேன். பழைய வயர் அது, உள்ளே பாதி இழைகள் அறுந்தது. அன்றைக்கு அவருக்குக் கிடைக்காத அந்த ஒரு கண் இடத்தில் அவர் கண்ணை வைத்தார். இரண்டு துணியையும் மாறிமாறிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் தண்ணி மாதிரித்தான் தெரியுது" என்றார்.

ஸ்கோப்பை என் கையில் தந்துவிட்டு ரீவியின் பின்னால் குந்தி வயர்களைக் கட்டத் தொடங்கினார். தண்ணீர் கலக்காமல் மிஞ்சியிருந்த சாயத்தில் ஒரு சொட்டை நான் எடுத்து வேறு துணியில் விட்டுக் கொடுத்தேன். அதை வைத்துத்தான் அவர் நீலத்தைச் சரிசெய்தார். கொஞ்சம் கூட்டுவார், கொஞ்சம் குறைப்பார், துணியைப் பார்ப்பார், ரீவியைப் பார்ப்பார். துணியிலும் ரீவியிலும் ஒரே நீலம் வரும் வரைக்கும் அவர் எழும்பவில்லை.

புதியதில் எல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். டொக்டர் முதல் சில கிழமை ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு விதமாகவும் பார்த்தார். முதலில் கண்ணால், பிறகு கமராவைக் கொளுவி ரீவியில். எது நல்லதென்று என்னிடமும் அபிப்பிராயம் கேட்டார். கண்ணால் பார்த்தால் நுணுக்கம் கூட, மயிரளவு இரத்தக் குழாய்கூடத் தெரிகிறது என்பார். ரீவியில் கோடு கோடாக, கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. ஆழம் பிடிபடாமல் இடுக்கியை வெறும் வெளியில் கொண்டுபோய்க் கவ்வினார், நாங்கள் சிரித்தோம். ஆனால் ரீவியில் முதுகு வளையவில்லை, இரண்டு கையும் சும்மா இருந்தது, எல்லாவற்றையும்விட, ஒருவர் பிழையாகப் பார்த்தாலும் சரிபார்க்க நாலுபேர் இருந்தார்கள்.

பழுகாமத்துப் பெண் ஒருத்தி வந்தது அந்தக் கிழமைகளில்தான். லொறி வரவில்லை, நீட்டிய சாயம்தான் அன்றைக்கும் இருந்தது. டொக்டர் வழக்கம்போல முதலில் பழைய வெளிச்சத்தில் கண்ணை வைத்தார். நான் கீழே சாயத்தைச் செலுத்தினேன். வரவில்லை, இரண்டும் அடைப்பு என்று வர்ணனையை முடித்தார். பிறகு புது வெளிச்சத்தைப் போட்டுக் கமராவைக் கொளுவினோம். வெள்ளைத் துணி காட்டிப் பொத்தானை அமுக்கினோம். ரீவியில் வலது குழாயின் நுனியிலிருந்து மெல்லிசாக, வெளிறலாக, ஒரு நீலம் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் இன்னும் கொஞ்சம் செலுத்தினேன். இன்னும் கொஞ்சம் ஒழுகியது.

டொக்டர் ஒப்பரேசனை முடித்து, கையுறையைக் கழற்றி, வெளியே போய் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் நேர்மையான மனுசன். சாயம் காரணமாக இருக்கலாம், பல்ப் காரணமாக இருக்கலாம், சில நேரம் குழாய் பயத்தில் தானே இறுகி நின்று பிறகு விடும், எது என்று தன்னால் சொல்லமுடியாது என்றார். அடைப்பு என்று தான் சொல்லி அனுப்பிய எல்லோரையும் திரும்பக் கூப்பிடவேண்டும் என்றார். மருத்துவிச்சிகள் மூலம் ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினோம். சிலர் வந்தார்கள். சிலருடைய ஊரே இடம்பெயர்ந்து போயிருந்தது. சிலருக்குப் பார்க்க ஆசையில்லை. அன்றிலிருந்து சாயத்தில் ஒருவரும் தண்ணீர் கலக்கவில்லை. நல்ல சாயம் இல்லையென்றால் பரிசோதனையும் இல்லை என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

என்னை அவர் கடைசியாகத்தான் கேட்டார். "மிஸ், உங்களுக்கும் ஒருக்கா பாப்பமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என் கணவர் போய்விட்டார், எனக்கும் வயது ஏறிவிட்டது, தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. முழு மயக்கம் வேண்டாம், விறைக்க ஊசி போட்டுச் செய்யுங்கள், ரீவியை என் பக்கம் திருப்பி வையுங்கள் என்று கேட்டேன். டொக்டர் யோசித்தார், பிறகு சம்மதித்தார்.

என் வயிற்றுக்குள் இருப்பதை நான் பார்த்தேன். எத்தனை பெண்களுடையதைக் காதால் கேட்டிருப்பேன், என்னுடையது எனக்குப் புதிதாக இருந்தது. டொக்டர் அன்றைக்கு வர்ணனை ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் அது தேவைப்படவில்லை. சாயம் உள்ளே போகிறபோது அடிவயிற்றில் மெல்ல ஒரு பிடிப்பு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வலது பக்கம் நுனியில் நீலம் திரண்டு விழுந்தது. அதற்குப் பிறகு இடது பக்கமும். தண்ணீர் கலக்காத நீலம், அவர் துணியை வைத்து வைத்துச் சரிசெய்த அதே நீலம், தாராளமாக வழிந்து ஓடியது. சாயம் செலுத்திக்கொண்டிருந்தவள் விம்முகிற சத்தம் கேட்டது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது வந்த நினைவு ஒன்றுதான். இதை அவர் பார்த்திருக்கவேண்டும். அன்றைக்குக் கேட்டாரே, ஒருக்கா பார்க்க ஏலாதா என்று.

திறந்திருந்தால் பிள்ளை கட்டாயம் பிறந்திருக்கும் என்று இல்லை, அது எனக்குத் தெரியும். தொழில் தெரிந்தவள் நான். ஆனால் அவர் போயிருக்கமாட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கமாட்டேன். இருவரும் பிள்ளையில்லாமலே கிழடுதட்டி, பாதி மணிக்கூட்டை வைத்துச் சண்டை பிடித்துக்கொண்டு அந்தக் கல்லடி வீட்டில் இருந்திருப்போம். எனக்கு அது போதும்.

பரிசோதனையின் முடிவு தியேட்டரைத் தாண்டக்கூடாது என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். தாண்டவில்லை.

கொஞ்ச நாளில் ரீவியின் சுவிச்சு ஒன்று பழுதாகிவிட்டது. அவர் வந்தார். மத்தியானம், தியேட்டரில் வேறு யாரும் இல்லை. நான் மறுபடியும் பின்னால் நின்று நாடாவை முடிந்துவிட்டேன். கீழே உட்கார்ந்து திருப்புளி எடுக்கப் பையைத் திறந்தார். வயர்களுக்கும் குறடுக்கும் நடுவில், கடைத்தாளில் சுற்றி, ஒரு சோடிச் சின்னச் சிவப்புச் செருப்பு இருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். சுவிச்சைக் கழற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"திரும்பப் பாத்தயாமே?"

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பார்த்தது தெரிந்திருக்கிறது, என்ன தெரிந்தது என்பது அவருக்குத் தெரியாது. அவர் கை சுவிச்சிலேயே நின்றது. அந்தத் துணிகளைப் பார்த்த நாளிலிருந்து அவர் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கவேண்டும். நான் உண்மையைச் சொன்னால் அதையும் அந்தச் செருப்பையும் ஒரே பையில் வைத்து அவர் கல்குடா வரைக்கும் கொண்டுபோகவேண்டும்.

"முந்திச் சொன்னதுதான். ரெண்டும் அடைப்பு" என்றேன்.

அவர் மூச்சை மெல்ல விட்டார். ஆறுதலா, துக்கமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பழைய சுவிச்சைக் கீழே வைத்துப் புதியதைப் பூட்டினார். ரீவியைப் போட்டுப் பார்த்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"கலர் சரியா இரிந்திச்சா?"

"கலர் சரியா இரிந்திச்சு" என்றேன்.

அன்றைக்கு அவருக்கு நான் சொன்னதில் அது மட்டும்தான் உண்மை.